நால்வரை விட்டார், நாட்டையே பாடவைத்தார்!

நான்கு பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழு. குழுவுக்கு நல்ல பெயர். மண்டபங்கள் நிரம்புகின்றன. இசைத்தட்டுகள் விற்கின்றன.

இந்த நேரத்தில் ஒரு சிகரெட் கம்பெனி வருகிறது. தன் சிகரெட்டுக்கு ஒரு விளம்பரப் பாட்டுப் பாடித் தரும்படி கேட்கிறது. நல்ல பணம் தருவதாகவும் சொல்கிறது.

மூன்று பேர் "சரி" என்கிறார்கள். ஒருவர் மட்டும் "வேண்டாம்" என்கிறார்.

அந்த ஒருவர் என்ன செய்ய வேண்டும்?

கூச்சல் போட்டுக் குழுவை உடைக்கலாம். அல்லது, வாயை மூடிக்கொண்டு தன் பங்கை வாங்கிக்கொள்ளலாம். உலகத்தில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்வார்கள்.

1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இப்படி ஒரு நிலைமை வந்தது. "வேண்டாம்" என்று சொன்னவரின் பெயர் பீட் சீகர். அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். மூன்று பேர் சொன்னதற்குக் கட்டுப்பட்டு, விளம்பரத்தைப் பாடிக் கொடுத்தார். பிறகு குழுவிலிருந்து விலகிவிட்டார். விலகும்போது யாரையும் தூற்றவில்லை. தன் இடத்துக்கு எரிக் டார்லிங் என்ற நல்ல பாடகரைத் தானே சிபாரிசு செய்தார்.

அதற்குப் பிறகு, தனியாக நாட்டுப் பாடல் பாடக் கிளம்பினார்.

"ஒரு விளம்பரத்துக்காக இவ்வளவா?" என்று சிலர் கேட்கலாம். என் அபிப்பிராயம் வேறு. சீகர் நாட்டுப் பாடலுக்குச் செய்த தொண்டுகளில் இந்த விலகல் மிகப் பெரியது என்றே நான் சொல்வேன். ஏன் என்று பார்ப்போம்.

படிப்பை விட்டார்

சீகர் 1919ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். தந்தை இசை ஆராய்ச்சியாளர். தாய் வயலின் கற்றுக் கொடுப்பவர். வீடெல்லாம் சங்கீதம்தான். ஆனால் பையனின் மனதைக் கவர்ந்தது மேடைச் சங்கீதம் அல்ல.

1936இல் தந்தையுடன் ஆஷ்வில் என்ற ஊருக்குப் போனார். அங்கே மலைநாட்டு மக்களின் பாட்டுத் திருவிழா நடந்தது. அங்கேதான் பாஞ்சோ வாத்தியத்தை மலைமக்கள் வாசிக்கும் விதத்தைக் கேட்டார்.

பாஞ்சோ என்பது வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் உள்ள ஒரு நரம்பு வாத்தியம். உடலின் மேல் தோல் இழுத்துக் கட்டியிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அமெரிக்காவுக்குத் தந்த செல்வம் அது. சீகர் அதற்கு அடிமையானார்!

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், 1938இல் படிப்பை நிறுத்தினார். பிறகு நாட்டுப் பாடல்களைச் சேகரித்து வைத்திருந்த அரசு நூலகத்தில் வேலை பார்த்தார். சுரங்கத் தொழிலாளி பாடியது, பஞ்சு பறித்தவர் பாடியது, சிறைக் கைதி பாடியது, தாலாட்டு, தெம்மாங்கு போன்ற காதல் பாட்டு—எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது.

இந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் பாடகர்கள் அல்ல! வேலை செய்தவர்கள். பிள்ளை பெற்றவர்கள். துக்கப்பட்டவர்கள். நம் ஊரில் ஏற்றம் இறைத்தவனும் நாற்று நட்டவளும் பாடியதைப் போல.

இந்த உண்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

குழு பிறந்தது

1948இல் நால்வர் ஒன்று சேர்ந்தார்கள். பீட் சீகர், கனத்த குரல் கொண்ட லீ ஹேஸ், கிட்டார் வாசிக்கும் பிரெட் ஹெல்லர்மேன், ரானி கில்பர்ட் என்ற பெண்மணி. குழுவுக்கு "வீவர்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். நெசவாளர்கள் என்று பொருள்.

முதலில் யாரும் கூப்பிடவில்லை. 1949 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு சின்ன இரவு விடுதியில் பாட இடம் கிடைத்தது. சீகர் ஒருவருக்கே வாரம் 200 டாலர் தர விடுதிக்காரர் தயாராக இருந்தார். அதே 200 டாலரை நால்வருக்கும் சேர்த்துத் தந்தால் போதும் என்று சொல்லி உள்ளே நுழைந்தார்கள்!

ஆறு மாதம் பாடினார்கள். ஓர் இசையமைப்பாளர் கேட்டார், மயங்கினார். பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

1950இல் "குட்நைட் ஐரீன்" என்ற பாட்டு வெளிவந்தது. 13 வாரங்கள் அமெரிக்காவின் முதல் இடத்தில் நின்றது. சுமார் 20 லட்சம் தட்டுகள் விற்றன. நாட்டுப் பாடலும் இப்படி விற்குமா என்று கம்பெனிகள் வாயைப் பிளந்தன.

இதில் ஒரு சோகம் உண்டு. அந்தப் பாட்டை அவர்களுக்குத் தந்தவர் லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகர். சிறையிலும் வறுமையிலும் உழன்றவர். பாட்டு நாடெங்கும் ஒலித்தபோது அவர் உயிருடன் இல்லை. 1949 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

பாட்டு ஒருவருடையது, புகழ் வேறொருவருடையது. நாட்டுப் பாடல் சந்தைக்கு வரும்போது இது அடிக்கடி நடக்கிறது.

கதவுகள் மூடின

புகழ் வந்த வேகத்திலேயே தொல்லையும் வந்தது.

அப்போது அமெரிக்காவில் கம்யூனிஸ்டு பயம் பிடித்து ஆட்டியது. யார் கம்யூனிஸ்டு, யார் அவருக்கு நண்பர் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் வானொலியில் இடமில்லை, டெலிவிஷனில் இடமில்லை.

சீகரின் பெயரும் பட்டியலில் வந்தது. 1952இல் ஒரு சாட்சி, வீவர்ஸ் குழுவில் மூவர் கம்யூனிஸ்டுகள் என்று விசாரணையில் சொன்னார். பல வழக்குகளில் பொய் சொன்னதாகப் பிறகு அவரே ஒப்புக்கொண்டு, சிறைக்கும் போனார். ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கம்பெனி கைவிட்டது. விடுதிகள் கதவை மூடின. குழு கலைந்தது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சீகர் 1940களில் கம்யூனிஸ்டு கட்சியில் இருந்தவர்தான். 1950 வாக்கில் விலகினார். ஸ்டாலினின் கொடுமைகளை உரிய காலத்தில் உணராதது தன் தவறு என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அவர் தவறே செய்யாத மனிதர் அல்ல. ஆனால் ஒருவர் எந்தக் கட்சியில் இருந்தார் என்பதற்காக அவர் வாயை அடைப்பது என்ன நியாயம்?

1955 ஆகஸ்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. எங்கே பாடினீர்கள், யாருக்காகப் பாடினீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். என் பாட்டுகளைப் பற்றிப் பேசுகிறேன். என் நண்பர்களைப் பற்றியும் என் நம்பிக்கைகளைப் பற்றியும் பேசமாட்டேன் என்ற பாங்கில் பதில் சொன்னார். இது அவமதிப்பு என்று 1957இல் அவர்மீது வழக்கு வந்தது.

இதற்கு நடுவே ஒரு நல்ல காரியம் நடந்தது. 1955 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் நால்வரும் மீண்டும் ஒன்றாகப் பாடினார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. ஏற்பாடு செய்தவர் அவர்களுடைய மானேஜர் ஹரால்டு லெவந்தால். இவர் இரண்டாவது உலகப் போரின்போது ராணுவ வீரராக இந்தியாவுக்கு வந்து, காந்தியடிகளையும் நேருவையும் சந்தித்தவர்!

குழு மீண்டும் எழுந்தது. மீண்டும் வருமானம் வந்தது. அப்போதுதான் சிகரெட் கம்பெனி வந்தது.

மூன்று ஓட்டு, ஒரு ஓட்டு

மற்ற மூவரும் பேராசைக்காரர்களா? இல்லை. அவர்களையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

பல ஆண்டுகள் வேலை இல்லாமல் தவித்தவர்கள் அவர்கள். கதவு மறுபடி திறந்தபோது உள்ளே போக நினைத்தார்கள். விளம்பரத்தில் அவர்கள் குரல் வானொலியில் ஒலித்தால், தடை தானாக உடையும் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். பசித்தவனைப் பார்த்து "ஏன் சாப்பிட்டாய்?" என்று கேட்பது எளிது.

ஆனால் சீகரின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருந்தது.

குழந்தையைத் தூங்கவைக்கத் தாய் பாடிய ராகம் அது. சுமை தூக்கியவன் களைப்பு மறக்கப் பாடிய தாளம் அது. அதே குரலை, அதே பாணியை, புகை விற்பதற்கு வாடகைக்கு விடலாமா? நாட்டுப் பாடலைக் கேட்கும் மக்கள், பாடுகிறவரை நம்பித்தான் கேட்கிறார்கள். "இவர் நம்மில் ஒருவர்" என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைதான் சிகரெட் கம்பெனிக்கும் வேண்டியிருந்தது. பாட்டு அதற்கு வேண்டியதில்லை, நம்பிக்கைதான் வேண்டும்.

காலமும் சீகருக்கே சாட்சி சொன்னது. 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர், சிகரெட் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். 1971 ஜனவரி 2ஆம் தேதி முதல் வானொலியிலும் டெலிவிஷனிலும் சிகரெட் விளம்பரமே தடை செய்யப்பட்டது.

தனிப் பாடகரா அவர்?

விலகினார், சரி. பிறகு எப்படிப் பிழைத்தார்?

பெரிய மேடைகளும் டெலிவிஷனும் அவருக்கு இல்லை. ஆகவே யாரும் கவனிக்காத இடங்களுக்குப் போனார். பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், பிள்ளைகளின் கோடைக்கால முகாம்கள், மாதாகோவில் கூடங்கள். தோளில் பாஞ்சோ. சொற்பக் கூலி. குழு கலைந்திருந்த நாட்களிலேயே அவர் பழகிக்கொண்ட பாதைதான் அது. மனைவி தோஷி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். கச்சேரி ஏற்பாடுகளையும் கவனித்தார். ஹட்சன் ஆற்றங்கரையில் தாங்களே மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டில் குடியிருந்தார்கள்.

வழக்கும் தலைக்குமேல் தொங்கியது. வெளியூர் போவதென்றால் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 1961இல் ஓர் ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. 1962 மே மாதத்தில் மேல் கோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது.

1960இல் சான்டியாகோ நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடச் சென்றார். அரசுக்கு எதிராக எதுவும் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரும்படி பள்ளி நிர்வாகம் கேட்டது. மறுத்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டு அனுமதித்தது, கச்சேரி நடந்தது. 49 ஆண்டுகள் கழித்து, 2009இல் அந்த நிர்வாகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சீகரைத் தனிப் பாடகர் என்கிறோம். ஆனால் அவர் தனியாகப் பாடியதே இல்லை என்பதுதான் வேடிக்கை!

மேடையில் ஏறுவார். ஒரு பாட்டைத் தொடங்குவார். அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பார். சபையைப் பாடச் சொல்வார். ஆண்களுக்கு ஒரு குரல். பெண்களுக்கு ஒரு குரல். கனத்த குரல்காரர்களுக்குத் தனி வரி. ஐந்து நிமிடத்தில் மண்டபம் முழுவதும் ஒரு பாட்டுக் குழுவாகிவிடும். அவர் பாஞ்சோவை மீட்டியபடி தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வீவர்ஸ் குழுவில் நான்கு குரல்கள்தான். விலகிய பிறகு அவர் குழுவில் ஆயிரம் குரல்கள்!

1963 ஜூன் 8ஆம் தேதி அதே கார்னகி மண்டபத்தில் அவர் மட்டும் மேடையில் நின்றார். சபை முழுவதும் சேர்ந்து பாடியது. அந்த இசைத்தட்டை இன்றும் கேட்கலாம். சீகரின் குரலைவிடச் சபையின் குரல்தான் சில இடங்களில் மேலே நிற்கும். ஒரு பாடகனுக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்?

ஒரு பாட்டின் பயணம்

"வீ ஷல் ஓவர்கம்" என்ற பாட்டை அறியாதவர் இன்று குறைவு. இந்தியில் "ஹம் ஹோங்கே காம்யாப்" என்று நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடுகிறார்கள்.

புகையிலைத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்த கறுப்பினப் பெண்கள் மழையில் நின்று பாடிய பாட்டு அது. அவர்களிடமிருந்து சில்பியா ஹார்ட்டன் என்ற பெண்மணி கற்றார். அவரிடமிருந்து சீகர் 1947இல் கற்றார். போன இடமெல்லாம் பாடினார், மற்றவர்களும் பரப்பினார்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் அதுவே போர்ப் பாட்டாயிற்று.

அந்தப் பாட்டுக்கு உரிமைப் பணம் வந்தது. சீகரும் கூட்டாளிகளும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்பின மக்களின் நலப் பணிகளுக்கான நிதிக்கு எழுதி வைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. வீவர்ஸ் பாடிய "விமோவே" என்ற பாட்டு, ஆப்பிரிக்க நாட்டுப் பாடல் என்று எண்ணிச் சீகர் எடுத்தது. உண்மையில் அது தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939இல் இசைத்தட்டில் பாடிய சொந்தப் பாட்டு! விஷயம் தெரிந்ததும் சீகர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் செய்தார். இனி வரும் பணமும் அவருக்கே போகட்டும் என்றார். ஆனால் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று அவர் கவனிக்கவில்லை. லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். அவர் குடும்பத்துக்கு ஒரு நியாயம் கிடைக்க 2006 ஆயிற்று. தான் கவனிக்கத் தவறியதற்காகச் சீகர் பிற்காலத்தில் வருந்தினார்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது. யாருடைய பாட்டு என்று கேட்கவும் வேண்டும். கணக்கும் பார்க்க வேண்டும். நாட்டுப் பாடலைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் இது பாடம்.

மறுபடியும் நால்வர்

குழுவை விட்டவர் நட்பை விட்டாரா? இல்லை.

வீவர்ஸ் குழு சீகர் இல்லாமலும் சில ஆண்டுகள் நடந்து, 1960களின் நடுவில் நின்றது. 1980 நவம்பரில் பழைய நால்வரும் கார்னகி மண்டபத்தில் மறுபடியும் சேர்ந்து பாடினார்கள். லீ ஹேஸ் நோயால் கால்களை இழந்து, சக்கர நாற்காலியில் வந்தார். மறு ஆண்டு அவர் இறந்தார். அந்தச் சந்திப்பு படமாக இருக்கிறது. அதில் சிகரெட்டும் இல்லை; பழைய மனத்தாங்கலும் இல்லை. பாட்டுதான் இருக்கிறது.

1958இல் சீகர் கோபத்தில் நாலு வார்த்தை கொட்டியிருந்தால் இது நடந்திருக்குமா? கொள்கைக்காகப் பிரியலாம், ஆனால் கதவை அறைந்து சாத்தக் கூடாது. இது பாட்டுக் குழுவுக்கு மட்டும் அல்ல, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கும் பொருந்தும்!

2009 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதி ஒபாமா பதவி ஏற்க இருந்தார். அதையொட்டி லிங்கன் நினைவு மண்டபத்தில் பெரிய விழா. ஒருகாலத்தில் டெலிவிஷனுக்கு ஆகாதவர் என்று தள்ளப்பட்ட சீகர், 89 வயதில் அந்த மேடையில் நின்றார். அங்கேயும் வரியைச் சொல்லிக் கொடுத்து மக்களைத்தான் பாடவைத்தார்! 2014 ஜனவரி 27ஆம் தேதி, 94ஆவது வயதில் காலமானார்.

நம் வீட்டில்?

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம்.

பாட்டு முன்னைவிட அதிகம் ஒலிக்கிறது. கையடக்கப் போனில், பஸ்ஸில், டீக்கடையில். ஆனால் பாடுகிறவர் யார்? யாரோ! நாம் கேட்கிறோம், அவ்வளவுதான். தாலாட்டைக்கூடப் போனில் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூங்கச் சொல்கிறோம்.

"எனக்குக் குரல் சரியில்லை" என்று கூச்சப்படுகிறோம். ஏற்றம் இறைத்தவன் குரலைப் பார்த்தா பாடினான்?

சீகர் தன் வாழ்நாளெல்லாம் சொன்ன செய்தி இதுதான் என்று நான் நினைக்கிறேன்: பாட்டு விற்கிற சரக்கு அல்ல, வாங்குகிற சரக்கும் அல்ல. வாயைத் திறந்தால் அது நம்முடையது.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். யாரிடம் கற்றார் என்றும் கேளுங்கள். அந்தப் பெயரையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து பாடுங்கள்.

சுருதி கொஞ்சம் தப்பினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது!